புறக்கோட்டையில் காலை, வெள்ளவத்தையில் மாலை: கொழும்பில் சாமான் வாங்க வருவோருக்கு

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்து இரவு பஸ்கள் விடியற்காலையில் ஆட்களை இறக்கிவிடும் இடத்திலிருந்து ஐந்து நிமிட நடை. ஆகவே கல்யாணச் சாமான் வாங்க வரும் சித்தி, விடுமுறைக்கு வரும் கனடா மச்சாள், வெளிநாடு போகுமுன் பெரிய பயணப்பை தேடும் மருமகன் என்று வருடம் முழுவதும் யாராவது ஒருவரோடு கடைகடையாக அலைந்துகொண்டிருக்கிறேன். வந்தவர்கள் பல் துலக்குமுன்னே கேட்பது ஒன்றுதான்: "எந்தக் கடை நல்லது?"

கொழும்பில் அப்படிக் கேட்கக் கூடாது. "எந்தத் தெரு?" என்று கேட்க வேண்டும். பழைய கொழும்பு தெருவுக்கு ஒரு சரக்கு என்று பிரிந்து கிடக்கிறது. துணிக்கு ஒரு தெரு, பவுண் நகைக்கு ஒரு தெரு, வெங்காயத்துக்கும் பருப்புக்கும் ஒரு தெரு. தெருவைச் சரியாகப் பிடித்துவிட்டால், பக்கத்துப் பக்கத்துக் கடைகளே ஒன்றோடொன்று போட்டி போட்டு விலையைச் சொல்லிவிடும்.

புறப்படுமுன்

பட்டியலை வீட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பொருட்களின் பெயரை வெறுமனே அடுக்காமல் மூன்றாகப் பிரியுங்கள்: துணிமணி, விலை கூடிய சின்னச் சாமான், பாரமான சாமான். வாங்கும் வரிசையும் அதுதான். பாரமானதைக் கடைசியில் வாங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் காலை பத்து மணிக்கு மலிவாகக் கண்ட பத்துக் கிலோ அரிசியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, நாள் முழுக்க என்னையும் சேர்த்துத் திட்டியவர்கள் எங்கள் குடும்பத்தில் இருக்கிறார்கள்.

சாளரத் திரைக்கான அளவு, மாப்பிள்ளையின் கழுத்தளவு, பழைய சேலையின் நிறம் தெரியும் ஒரு துண்டு ஆகியவற்றையும் கொண்டுவாருங்கள். நிறத்தைக் கைத்தொலைபேசிப் படத்தில் காட்டி நூலோ கரையோ வாங்கியவர்கள் பெரும்பாலும் மறுநாளும் வந்தார்கள்.

பழைய கடைத்தெருக்கள் இருக்கும் புறக்கோட்டையின் சிறு கடைகளில் காசுதான் ஓடும். சில்லறை நோட்டுகளாக வைத்திருங்கள். வெளிநாட்டுக் காசை மாற்ற வேண்டுமானால் பக்கத்துக் கோட்டைப் பகுதியில் முதலிகே மாவத்தைப் பக்கம் நாணயமாற்றுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மத்திய வங்கியின் அனுமதிப் பத்திரம் சுவரில் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். தெருவில் தோளைத் தட்டி "நல்ல விலை தருகிறேன்" என்பவரோடு பேச்சே வேண்டாம்.

எந்த நாள்?

திங்கள் முதல் வியாழன் வரை எந்த நாளும் நல்லது. வெள்ளிக்கிழமை போனால், நண்பகலுக்குப் பிறகு ஜும்மா தொழுகைக்காகப் பல கடைகள் ஒன்றரை மணிநேரம் கதவைச் சாத்திவிடும்; அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை புறக்கோட்டையின் பெரிய கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், நடைபாதை வியாபாரிகளின் ராச்சியம்தான். மலிவாக ஒரு ரீசேர்ட்டோ செருப்போ போதுமென்றால் அன்றும் போகலாம். நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் நாட்களில் அந்தப் பக்கம் பாதிக்கு மேல் உறங்கும். பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் மதுவும் இறைச்சியும் கிடைக்காது. மற்றக் கடைகளும் அரைகுறைதான்.

ஏப்ரல் முதல் இரண்டு வாரம், தீபாவளிக்கு முந்திய வாரம், டிசம்பர் நடுப்பகுதிக்குப் பின் ஆகிய மூன்று காலங்களிலும் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. புதுச் சரக்கு இறங்குவதும் அப்போதுதான் என்பதால், கூட்டத்தில் நெரிபட ஆசையுள்ளவர்களுக்கு அது திருவிழா. எனக்கு ஆசையில்லை. சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு மட்டும் வந்துவிடாதீர்கள், சில நாட்களுக்கு நகரமே ஊருக்குப் போயிருக்கும்.

புறக்கோட்டைக்குள் நுழைவது

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குக் கரையோர ரயில்தான் என் தெரிவு. கடலை ஒட்டியே போகும், வீதி நெரிசல் இல்லை. அலுவலகக் கூட்டம் ஏறி இறங்கிய பிறகு, ஒன்பது மணிக்குப் பின் ஏறுங்கள். கடைகள் ஒழுங்காகத் திறக்கவும் ஒன்பதரை, பத்து ஆகிவிடும். பஸ் வேண்டுமென்றால் காலி வீதியில் 100, 101 இரண்டும் புறக்கோட்டைக்குத்தான் போகின்றன. சொந்த வாகனத்தில் போவது பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம்.

கோட்டை ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்து ஒல்கொட் மாவத்தையைக் கடந்தால் புறக்கோட்டை. ஆங்கிலத்தில் 'பெட்டா' என்பார்கள்; நம்முடைய 'பேட்டை'தான் வெள்ளைக்காரன் வாயில் புகுந்து அப்படி வெளியே வந்தது. ஒல்கொட் மாவத்தைக்கும் மெயின் வீதிக்கும் நடுவே முதலாம், இரண்டாம், மூன்றாம், நான்காம், ஐந்தாம் குறுக்குத்தெருக்கள் ஏணிப்படிபோல் கிடக்கின்றன. அவற்றை இடையில் வெட்டிக்கொண்டு கெய்சர் வீதி, பிரின்ஸ் வீதி, மலிபன் வீதி ஓடுகின்றன. இந்த ஏணியை மனதில் வரைந்துகொண்டால் தொலைந்துபோக முடியாது. வழி தவறினாலும் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் இரண்டாம் குறுக்குத்தெருவில் நிற்கிறது. 1908இல் கட்டத் தொடங்கியது. எவரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள்.

பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். பின்னால் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் ஒதுங்கிவிடுங்கள். மூட்டை ஏற்றிய தள்ளுவண்டியை நாட்டாமி இழுத்துவருகிறார் என்று பொருள், அவரால் சட்டென்று நிறுத்த முடியாது. ஊரில் நாட்டாமை என்றால் தீர்ப்புச் சொல்பவர். புறக்கோட்டையில் அந்தச் சொல் பாரம் இழுப்பவருக்குப் போய்விட்டது. ஆனாலும் இந்தத் தெருக்களில் அவர் வரும்போது முதலாளிமாரும் வழிவிடத்தான் வேண்டும்.

துணி: அளவுகோலைப் பாருங்கள்

இரண்டாம், மூன்றாம் குறுக்குத்தெருக்களும் கெய்சர் வீதியும் துணிக்கானவை. திரைத்துணி, மெத்தை விரிப்பு, சட்டைத்துணி, உள்ளாடை, குழந்தை உடுப்பு எல்லாம் இங்கே. வியாபாரிகளில் பலர் தமிழ் பேசும் முஸ்லிம்கள். "நானா" என்று, அதாவது அண்ணா என்று, கூப்பிட்டால் முகம் மலரும். சிங்களக் கடையில் "கீயத?" என்றால் விலை கேட்டாயிற்று, "அடு கரலா தென்ன" என்றால் குறைக்கக் கேட்டாயிற்று. இந்த இரண்டு வசனங்களோடு பலர் பல வருடங்கள் கொழும்பில் காலம் தள்ளியிருக்கிறார்கள்.

முதல் கடையில் வாங்காதீர்கள். மூன்று கடைகளில் கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள், பிறகு திரும்புங்கள். பல கடைகள் மொத்த வியாபாரம் செய்பவை. ஒன்று கேட்டால் ஒரு விலை, ஆறு கேட்டால் வேறு விலை. ஆகவே சித்தியும் மாமியும் தனித்தனியாக வாங்காமல் சேர்ந்து வாங்குவது புத்தி. பாதி விலைக்குக் கேட்பது சுற்றுலா வழிகாட்டிகளில் எழுதப்படும் வீரம். மொத்தக் கடையில் அப்படிக் கேட்டால் நானா சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிப்பார். லாபம் குறைவாக வைத்து விற்பவரிடம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே பெரிய காரியம். நடைபாதையில் கதை வேறு, அங்கே தாராளமாகக் கேளுங்கள்.

ஒருமுறை மட்டக்களப்பிலிருந்து வந்த மாமிக்குத் திரைத்துணி வாங்கினோம். பன்னிரண்டு மீற்றர், அதற்கேற்ற காசு. வீட்டில் வந்து அளந்தால் பதினொன்றுக்கும் கொஞ்சம் குறைவு. விலை சொன்னது மீற்றரில், அளந்தது யாரில், அதாவது கெஜத்தில்! ஒரு யார் என்பது 0.9144 மீற்றர்தான், பன்னிரண்டு யார் 10.97 மீற்றர். மறுநாள் போய்க் கேட்டபோது, "அம்மா யார் என்றுதானே சொன்னீர்கள்" என்றார் கடைக்காரர், பால் குடிக்கும் பிள்ளையின் முகத்தோடு. அன்றிலிருந்து கோலை மேசையில் வைக்குமுன்னே "இது மீற்றரா, யாரா?" என்று உரக்கக் கேட்கிறேன். வெட்டும்போது பக்கத்தில் நிற்கிறேன். பற்றுச்சீட்டில் அளவையும் எழுதச் சொல்கிறேன்.

ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய ஆடைகளும் கொழும்பின் ஒரு பேறு. பொரளைப் பக்கம் ஹவுஸ் ஒஃப் ஃபெஷன்ஸ் இதற்குப் பெயர்பெற்றது, நடைபாதையிலும் கிடைக்கும். கழித்துவிட்ட சரக்கும் கலந்திருக்கலாம். ஆகவே அக்குள் தையல், சிப்பு, இரண்டு கைகளின் நீளம் மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். அளவுச் சீட்டை நம்ப வேண்டாம், அது எந்த நாட்டு உடம்புக்கு எழுதப்பட்டதோ.

செட்டியார் தெரு

மெயின் வீதி வழியே கிழக்கே போனால் பழைய நகரமண்டபமும், கெய்மன் வாயிலின் பழைய மணிக்கூண்டும் வரும். கெய்மன் என்றால் ஒல்லாந்தர் மொழியில் முதலை. ஒரு காலத்தில் கோட்டை அகழியில் கிடந்த முதலைகளின் பெயர். அந்தச் சந்தியிலிருந்து பிரிகிறது செட்டியார் தெரு. இருபுறமும் நகைக்கடைகள், நடுவே பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும். ஆடிவேல் திருவிழா ரதம் இங்கிருந்து புறப்பட்டுக் காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிக்குப் போகும். நம் கொள்முதல் பாதையும் ஏறக்குறைய அதுதான்.

நகை வாங்குவதில் அவசரம் கூடாது. காலையில் அன்றைய பவுண் விலையைத் தெரிந்துகொண்டு போங்கள். ஒரு பவுண் எட்டுக் கிராம். 22 கரட்டில் 91.6 விழுக்காடு தங்கம், அதனால்தான் 916 முத்திரை. கடையில் நான்கு விடயங்களைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: சொல்லும் விலை எத்தனை கரட்டுக்கு, நகையின் நிறை எத்தனை கிராம், கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு. மொத்தமாக ஒரு தொகை சொல்லிப் புன்னகைத்தால், "பிரித்துச் சொல்லுங்கள் அண்ணை" என்று நீங்களும் புன்னகையுங்கள். கல் பதித்த நகையென்றால் கல்லின் நிறையைக் கழித்தார்களா என்பதுதான் முக்கியம். கல்லுக்குத் தங்கத்தின் விலை கொடுத்துவிட்டு வருபவர்கள் ஏராளம். பேரம் பேச இடமிருப்பது கூலியில்தான். பற்றுச்சீட்டில் கரட்டும் கிராமும் எழுதப்படாமல் நகரவே கூடாது, பின்னாளில் மாற்றப் போகும்போது அந்தத் துண்டுக் கடதாசிதான் பேசும். தாலிக்கொடி செய்யக் கொடுப்பவர்கள் நாள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நேற்று வந்து நாளை கேட்டால் ஆயத்தமாக இருப்பதை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

நீலக்கல், வைடூரியம் என்று ஆசைப்படுபவர்கள், தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையில் கல்லைப் பரிசோதிக்க வழியிருப்பதை நினைவில் வையுங்கள். பரிசோதிக்க விடமாட்டேன் என்பவரிடம் வாங்கத் தேவையில்லை.

பூசைச் சாமான், குத்துவிளக்கு, செம்பு, பஞ்சாங்கம் எல்லாம் இந்தத் தெருவிலும் ஜிந்துப்பிட்டிப் பக்கத்திலும் கிடைக்கும். பூபாலசிங்கம் புத்தகசாலையும் செட்டியார் தெருவில்தான். நகைக்கடையில் பெண்கள் இரண்டு மணிநேரம் உட்காரும்போது ஆண்கள் அங்கே நிற்பது எங்கள் வீட்டு வழக்கம். இப்போது மச்சாள் புத்தகசாலையில் நிற்கிறாள், மச்சான் காப்பு பார்க்கிறான். தமிழ்ப் புத்தகம் தேடுபவர்கள் பீப்பிள்ஸ் பார்க் கட்டடத்தில் சேமமடு பொத்தகசாலையையும் விடக்கூடாது. பழைய புத்தகம் என்றால் மருதானையை நோக்கிச் செல்லும் டி. ஆர். விஜேவர்தன மாவத்தையின் நடைபாதைக் கடைகள்.

கடைசியில் பாரம்

நான்காம் குறுக்குத்தெருவுக்குப் போகும்போது மாலை நெருங்கியிருக்க வேண்டும், கையில் காசு குறைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆபத்து. மிளகாய், மல்லி, பருப்பு, சீனி, கருவாடு எல்லாம் மூட்டைக் கணக்கில் இறங்கும் தெரு. மிளகாய்த் தூசியில் தும்மல் நிச்சயம். எல்லாக் கடையும் சில்லறைக்குக் கொடுக்காது, கேட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோக மாசிக் கருவாடு, குழம்புக்குப் புளிப்பூட்டும் கொறக்காய், ஏலம், கறுவா ஆகியவற்றை எல்லோரும் வாங்குகிறார்கள். கறுவாவைப் பார்த்து வாங்கத் தெரிய வேண்டும். இலங்கைக் கறுவா, மெல்லிய பட்டைகள் பல ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு சுருட்டுப் போல இருக்கும். விரலால் நசுக்கினால் நொறுங்கும். ஒரே தடித்த பட்டையாக வளைந்து மரம்போல் இருந்தால் அது வேறு இனம். 'அல்பா' என்ற தரம் எல்லாவற்றிலும் மெல்லியது, விலையும் அப்படியே. குழம்புக்கு அல்பா வேண்டியதில்லை.

காய்கறி மொத்தச் சந்தையான மெனிங் சந்தை இப்போது புறக்கோட்டையில் இல்லை, பேலியகொடைக்குப் போய்விட்டது. பழைய நினைவில் தேடி அலையாதீர்கள். வீடு கட்டுபவர்களின் இரும்புச் சாமானுக்குப் பழைய சோனகத் தெரு, வாகன உதிரிப்பாகத்துக்குப் பஞ்சிகாவத்தை.

மூட்டைகளோடு ரயில் ஏற முயலாதீர்கள். பிக்மீ அல்லது ஊபர் செயலியில் ஒரு முச்சக்கர வண்டியைக் கூப்பிடுங்கள், விலை முன்கூட்டியே தெரியும். குறுக்குத்தெருவுக்குள் வண்டி வராது; ஒல்கொட் மாவத்தைக்கு வந்து நின்றுகொண்டு கூப்பிட வேண்டும். கழிவறை இந்தப் பகுதியில் ஒரு சோதனை என்பதையும் சொல்லிவைக்கிறேன். தண்ணீரை அளந்து குடியுங்கள்.

வெள்ளவத்தை மாலை

குளித்து, தேநீர் குடித்து, ஆறு மணிக்குக் காலி வீதியில் இறங்கினால் அது வேறு உலகம். சேலைக் கடைகளில் குளிரூட்டி, உட்கார நாற்காலி, விரித்துக்காட்டச் சளைக்காத பெண்பிள்ளைகள். புறக்கோட்டையைவிட விலை கூடத்தான். ஆனால் கூறைச் சேலையை நின்றுகொண்டு, தள்ளுவண்டிக்கு ஒதுங்கிக்கொண்டு தெரிவுசெய்ய முடியாது. நாற்பது சேலையை விரிக்க வைத்துவிட்டு "நாளைக்கு வருகிறோம்" என்று எழும்பும் உரிமைக்கும் சேர்த்துத்தான் அந்த விலை. ஒட்டிய விலை என்றாலும் மொத்தத் தொகை பெரிதானால் கழிவு கேளுங்கள், கொடுப்பார்கள். சட்டை தைக்க வேண்டியவர்கள் வந்த முதல் நாளே தையற்காரரிடம் துணியைக் கொடுத்துவிட வேண்டும். அளவுச் சட்டை கொண்டுவந்தீர்கள்தானே?

ஒடியல், புழுக்கொடியல், பனங்கட்டி, ஊர் மிளகாய்த்தூள் எல்லாம் இங்கே கிடைக்கும். பனைப்பொருளுக்குக் காலி வீதியிலேயே பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையமும் உண்டு. யாழ்ப்பாணத்தார் கொழும்பில் பனங்கட்டி வாங்குவதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், புறப்படும் அவசரத்தில் ஊரில் மறந்தது அதுதான்.

அன்பளிப்புகள்

இரண்டாம் நாளுக்கு இது. கொள்ளுப்பிட்டியில் தேயிலைச் சபையின் கடை இருக்கிறது. எங்கே வாங்கினாலும் பொதியில் வாளேந்திய சிங்க இலச்சினையைத் தேடுங்கள்: முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். பால் ஊற்றிக் குடிப்பவருக்கு றுகுணைப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலை நன்றாகச் சாயம் இறங்கும். வெறும் தேநீர் குடிப்பவருக்கு நுவரெலியா. அலங்காரப் பெட்டிக்குக் கொடுக்கும் காசில் இரண்டு மடங்கு தேயிலை வாங்கலாம் என்பது என் கருத்து. லண்டனிலிருந்து வந்த மச்சாள் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை.

கைவினைக்கு பௌத்தாலோக மாவத்தையில் அரசாங்கத்தின் லக்சல. விலை ஒட்டியிருக்கும், பேரம் இல்லை, முகமூடி முதல் பித்தளை விளக்கு வரை ஒரே கூரையின் கீழ். கைத்தறித் துணியில் நிறங்களுக்கு ஆசைப்பட்டால் காலி வீதியில் பெயார்ஃபுட். விலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாலும், பின்முற்றத்தில் ஒரு கோப்பி குடித்துவிட்டு வரலாம். சனிக்கிழமையானால் குதிரைப் பந்தயத்திடலில் 'குட் மார்க்கெட்' கூடும்: இயற்கை விளைபொருள், சிறு உற்பத்தியாளர்களின் சவர்க்காரம், ஊறுகாய். ஐம்பது வருடத்துக்கு மேல் பழமையான பொருள் எதையும் அனுமதியின்றி நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. 'அரிய பழம்பொருள்' என்று எவரேனும் காட்டினால் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தொலைபேசியும் கணினியும்

கைத்தொலைபேசிக்கு முதலாம் குறுக்குத்தெருவும் கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவும். கணினிக்குப் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா. தொலைபேசி வாங்கினால் காசு கொடுக்குமுன் *#06# அழுத்தி வரும் 15 இலக்க எண்ணைப் பெட்டியிலுள்ளதோடு ஒப்பிடுங்கள். பிறகு ஐ.எம்.ஈ.ஐ. என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் இடைவெளியும் அந்த எண்ணுமாக 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது பதிவானதா என்று தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு பதில் தரும். உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் திகதியும் அங்கேயே போடுவியுங்கள். ஏமாற்றப்பட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977.

பெரிய கடைத்தொகுதிகளைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. காலிமுகத்திடலுக்கு எதிரே 2019இல் திறந்த வன் கோல் ஃபேஸ், பம்பலப்பிட்டியின் மெஜஸ்டிக் சிட்டி எல்லாம் பிள்ளைகளுக்கும், மழை நேரத்துக்கும், சுத்தமான கழிவறைக்கும் நல்லவை.

கட்டுவது

புறப்படும் நாளன்று மதியமே கட்டத் தொடங்குங்கள். நகையும் பற்றுச்சீட்டும் கைப்பையில், மாசியும் கருவாடும் இரட்டைப் பையில், சேலைகள் நடுவே, கண்ணாடிச் சாமான் திரைத்துணிக்குள். ஒவ்வொரு பொதியிலும் பெயரும் இறங்கும் இடமும் தடித்த பேனாவால் எழுதுங்கள். இரவு பஸ்ஸின் அடித்தட்டில் எல்லாப் பைகளும் ஒரே நிறமாகத்தான் தெரியும். பஸ் வருமுன் சித்தி கட்டாயம் ஒன்றை நினைத்துக்கொள்வாள். போன முறை அது இரண்டு முழம் சரிகைக் கரை. ஒன்பது மணிக்கு, பாதிக் கதவு இழுத்த கடைக்குள் நான் குனிந்து நுழைந்தேன்.